அடியில் இருந்த நாலு ரப்பர்

கருத்தக்கண்ணனிடம் ஒரு பைக்கை விட்டுவிட்டுப் போனால், திரும்பி எடுக்கும்போது அதில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். திருட்டு கிடையாது. வண்டிக்காரனே கழற்றச் சொன்னதுதான்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜ்களின் முதுகுப்புறச் சந்தில் இருந்தது சவரியப்பனின் ஒர்க் ஷாப். ஒன்பதாம் வகுப்பில் அரைப் பரீட்சை எழுதிய கையோடு அங்கே வந்து ஸ்பேனரைப் பிடித்த கருத்தக்கண்ணன், முழுப் பரீட்சை என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனான். இப்போது வயது இருபத்திரண்டு. புது பைக் வாங்கிய பயல்கள் வண்டிக்குப் பூசை போட்ட மறுநாளே அவனைத் தேடி வருவார்கள்.

"அண்ணே, இந்தச் சாரி கார்டக் கழட்டி விடுங்கண்ணே. கோழிக்கூட்டக் கட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

பின்னால் உட்காருகிறவர்களின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கக் கம்பெனி மாட்டி அனுப்புகிற கம்பித் தடுப்பு அது. இரண்டு நட்டு, ஒரு நிமிஷ வேலை. அப்புறம் கண்ணாடி இரண்டையும் கழற்றுவான். அப்புறம் செயின் கவர். கழற்றிப் போட்ட சாரி கார்டுகள் மட்டும் பின்சுவர் ஓரம் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

"டேய் கருத்தா, கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனா? எதுக்காவதுதான்டா மாட்டி அனுப்பியிருப்பான்" என்பார் சவரியப்பன்.

"கம்பெனிக்காரன் நம்ம ஊர் ரோட்டுல வண்டி ஓட்டியிருக்கானா முதலாளி? வண்டின்னா லேசா இருக்கணும். உருளணும்."

உருளுகிற எதுவும் உரசக் கூடாது. அவன் படித்த படிப்பு அந்த ஒரு வரிதான்.

சேட்டைக்கும் குறைவில்லை. சிநேகிதன் பேச்சிமுத்து பெண் பார்க்கப் போன அன்று, அவன் பிரேக் மிதித்தால் ஆடு கத்துகிற மாதிரி ஒரு ஹாரனை இணைத்துவிட்டவன் இவன். பெண் வீட்டு வாசலில் பேச்சிமுத்து மூன்று தடவை பிரேக் பிடித்தான். உள்ளே இருந்து ஒரு பெரியவர் கத்தியோடு வெளியே வந்து, "கிடாய எங்கய்யா கட்டியிருக்கீக?" என்று கேட்டாராம். அந்த ஹாரனைப் பிறகு இவன் தன் பைக்கிலேயே மாட்டிக்கொண்டான். அதைக் கேட்டுச் சிரிக்க உலகத்தில் ஓர் ஆள் இருந்தாள்.

அவள் அவனுடைய அக்கா மகள். நாகஜோதி அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள். பெற்றவர்கள் தியஷ்விகா என்று பெயர் வைத்தார்கள். அதைத் தடுமாறாமல் சொல்ல மாமன் இரண்டு மாதம் முயன்று பார்த்தான். மூன்றாம் மாதம் முயற்சியைக் கைவிட்டுப் போண்டா என்று கூப்பிட்டான். போண்டாவும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள். விளாங்குடியில் அக்கா வீட்டு வாசலில் அவன் ஹாரனை அமுக்கினால், உள்ளே கீழ்த் தாடையில் இரண்டே பல் முளைத்த வாய் திறந்து "ம்ம்ம்மா" என்று ஆட்டுக்குப் பதில் சொல்லும். ஆட்டைச் சொல்கிறாளா மாமாவைச் சொல்கிறாளா என்று யாராவது கேட்டால் அவனுக்குக் கோபம் வரும்.

அவளுக்குத் தாய்மாமன் என்று இருந்தது இவன் ஒருத்தன்தான். இரண்டு மாதத்தில் குலசாமி கோயிலில் மொட்டையும் காது குத்தும் என்று பேசி வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்த மடிக்காகவே ஒரு பட்டு வேட்டி எடுத்து, கிரீஸ் படாமல் ஒர்க் ஷாப் பரணில் சுருட்டி வைத்திருந்தான்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில், பிள்ளையை நடுவில் உட்கார வைத்து உருள விடுகிற வாக்கர் வந்து சேர்ந்தது.

ஆரம்பித்து வைத்தது முனீஸ்வரி. நாகஜோதியின் நாத்தனார், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். "எம்மவன் ஒம்பதாம் மாசமே தெருவ அளந்தான். இவ என்னடான்னா இன்னும் தரையத் தொடச்சுக்கிட்டுக் கெடக்கா. ஒரு வாக்கர வாங்கி விட்டாத்தான் என்ன? தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கான்ல, கையக் கட்டிக்கிட்டா நிக்கிறான்?"

பேச்சு ஆரப்பாளையம் வந்து சேர அரை நாள்கூட ஆகவில்லை. உடனே போன் போட்டான்.

"அக்கா, போண்டாவுக்கு வாக்கர் வாங்கப் போறேன். என்ன கலரு வேணும்?"

"ஒரு கலரும் வேணாம்."

"மதினி கேட்டாகளாமே?"

"மதினி கேப்பாக. தடுப்பூசி போடுற சிஸ்டர் என்ன சொன்னாக தெரியுமா? பிள்ள தரையில கெடக்கட்டும், தவழட்டும், அதுவா எதையாவது பிடிச்சு எந்திரிக்கட்டும், வாக்கர் மட்டும் வாங்கிறாதீகன்னாக. போன மாசம் ஒரு பிள்ள வாக்கரோட படிக்கட்டுல உருண்டுருச்சாம். அதப் பாத்துட்டு அவுகளுக்கே ரெண்டு நாளாச் சோறு இறங்கலையாம்."

"அது படிக்கட்டு உள்ள வீடா இருக்கும்."

"நம்ம வாசல்ல என்னடா இருக்கு? பைக்கு ஏத்துற சரிவு. அது படிக்கட்டுக்கு அண்ணன்."

மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க உயர்த்திக் கட்டிய வீடு அது. தெருவில் நிறுத்தினால் பைக் காணாமல் போகிறது என்று, வாசற்படியில் பாதியை அடைத்து, பைக்கை ஓட்டிக்கொண்டே கூடத்துக்குள் ஏறும்படி சிமெண்டுச் சரிவு போட்டிருந்தார்கள். சக்கரம் தட்டக் கூடாது என்று நிலைப்படியும் வைக்கவில்லை. கூடத்து டைல்ஸ் முடிகிற இடத்தில் சரிவு தொடங்கித் தெருவில் போய் முடியும்.

அக்கா வேண்டாம் என்றதும் வேறு ஆளாக இருந்தால் விட்டிருப்பான். இவன் குறுக்கு வழி தேடினான். வழியும் இருந்தது. தாய்மாமன் சீர் என்று நாலு பேர் பார்க்க வாசலுக்கு வந்த பொருளை, அது பத்து ரூபாய் பிஸ்கட்டாக இருந்தாலும், அந்தப் பக்கத்தில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அனுப்பினால் உறவே அறுந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தத் தெருவே அதிர்ந்தது. பேச்சிமுத்து பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்த கருத்தக்கண்ணன் ரோஸ் கலர் வாக்கரைச் சீர்த்தட்டு மாதிரித் தலையில் வைத்திருந்தான். வாக்கரின் பாட்டுப் பாடும் தட்டுக்கு மாட்டுத்தாவணிச் செவ்வந்தி மாலை, எட்டுச் சக்கரத்திலும் குஞ்சம். பைக் மூச்சு விடாமல் ஆடாகக் கத்தியது.

"தாய்மாமன் சீர் வருதுடோய்! வழிய விடுங்கடோய்!"

கதவுகள் திறந்தன. முனீஸ்வரி வாசலுக்கு ஓடி வந்து குலவையே போட்டுவிட்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நாகஜோதி, வாக்கரைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவள் புருஷன் பாண்டியராஜன், மாட்டுத்தாவணிப் பூக்கடையில் கணக்கு எழுதுகிறவர், "மாப்ள, இந்த மாலை எங்க கடைப் பூவுடா" என்று மட்டும் சொன்னார்.

"வாங்கிக்கிட்டேன்" என்றாள் நாகஜோதி. "ஆனா நான் சொல்றபடிதான். இதுல உக்கார வச்சா ஒரு ஆள் பக்கத்துலயே இருக்கணும். வாசக்கதவு சாத்தியிருக்கணும். அடுப்படிப் பக்கம் வரவே கூடாது. கால் மணி நேரம், அதுக்கு மேல தரைதான். சரியா?"

"சரிக்கா, சரிக்கா."

அவள் அட்டைப்பெட்டிக்குள் இருந்த படம் போட்ட தாளை எடுத்து உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். அந்த நேரம் இவன் தெருப் பிள்ளைகளுக்கு ஹாரன் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தால், அக்கா காலி வாக்கரை வாசல் விளிம்புக்குத் தள்ளுகிறாள், இழுக்கிறாள், மறுபடி தள்ளுகிறாள்.

"வேணாம்னு சொல்லிட்டு நீ விளையாடுறியாக்கா?"

"இங்க வா, இதப் பாரு."

"வாரேன், வாரேன்" என்றான். போகவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனபோது நாகஜோதி பிள்ளையை வாக்கரில் உட்கார வைத்து, கதவைத் தாழ் போட்டு, "பக்கத்துலயே இரு, துணி எடுத்துட்டு வாரேன்" என்று மாடிக்குப் போனாள். அவன் நகராமல் பக்கத்திலேயேதான் இருந்தான். அன்றைக்கு ஒரு சட்டத்தையும் அவன் மீறவில்லை.

ஆனால் வாக்கர் சரியில்லை. டைல்ஸ் இணைப்பு கொஞ்சம் மேடாக இருந்த இடத்தில் எல்லாம் அது கிரீச்சென்று உரசி நின்றது. போண்டா காலை உதைத்தாள். நகரவில்லை. மறுபடி உதைத்து, முகம் சிவந்து, மாமனை அண்ணாந்து பார்த்தாள். எட்டு வருஷமாக வண்டி பார்க்கிறவன். கண்ணெதிரே ஒரு சக்கரம் உரசினால் அவனுக்குப் பல் கூசும்.

பிள்ளையைத் தூக்கித் தரையில் விட்டான். வாக்கரைக் கவிழ்த்தான். அடியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, விரல் நீளத்துக்குக் கெட்டியான ரப்பர் பட்டைகள். பெட்டிக்குள் ஆடாமல் இருக்க ஒட்டி அனுப்பியிருப்பான் என்று நினைத்தான். உண்மையில் அப்படிக்கூட நினைக்கவில்லை. கை பிளேடை எடுத்துவிட்டது. நாலும் ஒரு நிமிஷத்தில் கையோடு வந்தன. அச்சுக்கு ஒரு சொட்டு ஆயில் விட்டான். பிள்ளையை மறுபடி உட்கார வைத்தான்.

அப்புறம் அது ஓடவில்லை, பறந்தது. ஒரே உதையில் கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை. போண்டா சிரித்த சிரிப்புக்கு மாடியிலிருந்து அக்கா, "அங்க என்னடா பண்ணுறீக?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா, வண்டிய செட் பண்ணுனேன்."

நல்ல ரப்பரைத் தூக்கி எறிய மெக்கானிக் கைக்கு மனசு வராது. கூடத்திலேயே நின்ற பாண்டியராஜனின் பைக்கில் பிரேக் மிதி தேய்ந்து வழுவழு என்றிருந்தது. நாலு பட்டையையும் வெட்டி அளவு பார்த்து அதில் ஒட்டிவிட்டான். மறுநாள் மார்க்கெட்டிலிருந்து போன் வந்தது.

"மாப்ள, பிரேக்குல கால் வழுக்கவே இல்லடா. என்ன மாயம் பண்ணுன?"

"அதுவும் தாய்மாமன் சீர்தான் மச்சான். உங்களுக்கும் சேத்து."

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு விளாங்குடி போனான். சரிவின் அடியில் பைக்கை நிறுத்தி, இறங்காமலேயே இரண்டு தடவை ஹாரனை அமுக்கினான். உள்ளே "ம்ம்ம்மா" என்று பதில் வந்தது. தாழ் விலகும் சத்தம், கதவு திறந்தது, அக்கா முகம்.

"வந்துட்டியா? கை கழுவிட்டு..."

குக்கர் விசில் அடித்தது. அவள் திரும்பினாள். அடுப்படிக்கு ஐந்து எட்டு இருக்கும். அவள் மூன்றாவது எட்டுக்குக்கூடப் போகவில்லை.

வாசலில் வாக்கரோடு போண்டா தெரிந்தாள். மாமனைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினாள். ரோஸ் தட்டுக்கு மேலே அந்த இரண்டு பல். அவனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை நினைத்துத்தான் பின்னால் அவன் உடம்பு கூசும். பிள்ளை சாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது, இவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

முன்சக்கரங்கள் விளிம்பில் இறங்கின. சத்தமே இல்லை. ஒரு கிரீச் கூட இல்லை. அவன் விட்ட ஆயில் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

இறங்கி ஓட நேரமில்லை. பைக்கை அப்படியே கைவிட்டான். இரண்டு கையையும் நீட்டினான். வாக்கர் வந்த வேகத்தில் பைக்கின் முன்சக்கரத்தில் மோதிக் குப்புறக் கவிழ்ந்தது. அவன் இடது கையில் கவுனின் முதுகு மட்டும் சிக்கியது. நெற்றி மட்கார்டில் அடித்த சத்தம், கோயில் வாசலில் விடலைத் தேங்காய் உடைகிற சத்தம் மாதிரி, அவன் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தூக்கினான். பிள்ளை அழவில்லை.

வாய் திறந்திருந்தது, உதட்டில் ரத்தம், கண் அவனையே பார்க்கிறது, மூச்சு உள்ளே போனது வெளியே வரவில்லை. சாய்ந்து விழுந்த பைக்கின் ஹாரன் பட்டன் தரையில் அழுந்தி ஆடு கத்திக்கொண்டே இருந்தது. "ம்மே... ம்மே..." தெரு முழுக்க ஆடு கத்துகிறது, பிள்ளை கத்தவில்லை. கத்துடி, கத்துடி போண்டா என்று இவன்தான் கத்திக்கொண்டிருந்தான். ஐந்து நொடி இருக்கும் என்றாள் அக்கா பிறகு. அவன் கணக்கில் அது இன்னும் முடியவில்லை.

பிறகு அழுதாள். அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவன் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் போனார்கள். பிள்ளைகள் டாக்டர் ஆன்சி, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், தலையைத் தடவித் தடவிப் பார்த்தார், உதட்டை விரித்துப் பார்த்தார். நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். உதட்டில் கிழிசல். பல் இரண்டும் தப்பித்திருந்தன.

"எதுல விழுந்தா?"

"வாக்கர்" என்றாள் நாகஜோதி.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "இதுல போட்டாச் சீக்கிரம் நடக்கும்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது? நடை தள்ளித்தான் போகும். நீங்க ஒரு எட்டு வைக்கறதுக்குள்ள அது நாலு அடி போயிரும், பக்கத்துலயே நின்னாலும் பிடிக்க முடியாது. கனடாவுல இத விக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காங்க. நம்ம ஊர்ல சீர் வரிசையில வைக்கிறோம்." நர்ஸைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எந்திரிக்காமத் தூங்கினாலோ உடனே கூப்பிடுங்க."

வராந்தாவில் மூன்று பேரும் இருந்தார்கள், பிள்ளையைச் சேர்த்து. சற்று நேரத்தில் பாண்டியராஜன் பைக்கை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் பின்னாலேயே முனீஸ்வரியும் வந்தாள். பிள்ளை நெற்றியைப் பார்த்ததும் அவள் வயிற்றில் அடித்துக்கொண்டாள். அடித்து முடித்ததும் நாகஜோதி பக்கம் திரும்பினாள்.

"ஆறு வருசம் தவங்கெடந்து பெத்த பிள்ளடி! கதவத் தொறந்து போட்டுட்டு அடுப்படியில என்னடி வேலை உனக்கு? பிள்ளைய விடக் குக்கர் பெருசாப் போச்சா?"

"நான்தான் மதினி. நான்தான் கதவச் சாத்தல" என்றாள் நாகஜோதி. அவள் அழவில்லை. எதையோ கணக்குப் போடுகிற மாதிரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா அது எப்படி இறங்குச்சுன்னுதான் எனக்குப் புரியல. வந்த அன்னைக்கே நான் விளிம்புல தள்ளித் தள்ளிப் பாத்தேனே. அடியில ரப்பர் இருக்கு, சக்கரம் இறங்குனா அது தரையப் பிடிச்சு நிறுத்தும்னு தாள்ல போட்டிருந்துச்சு. பத்துத் தடவ தள்ளுனேன். பத்துத் தடவையும் நின்னுச்சு. அதுனாலதான் பிள்ளைய அதுல உக்காரவே வச்சேன்."

கருத்தக்கண்ணன் பிளேடு பிடித்த தன் கையைப் பார்த்தான்.

கிரீச்சென்று உரசியதே, அது. விரல் நீளத்துக்கு நாலு பட்டை. அக்கா விளையாடவில்லை. இங்க வா, இதப் பாரு என்று அவள் கூப்பிட்டது அதைக் காட்டத்தான்.

யாருக்கும் தெரியாது. வாக்கர் நொறுங்கிக் கிடக்கிறது, ரப்பர் எங்கே போனது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு மாதத்தில் பட்டு வேட்டி, மடி, காது குத்து, எல்லாம் அப்படியே இருக்கும். அக்கா மட்டும் ஆயுசுக்கும் கதவைச் சாத்தாதவள் ஆகிவிடுவாள்.

"பெத்தவளுக்கே அக்கறை இல்லேன்னா..." என்று முனீஸ்வரி மறுபடி ஆரம்பித்தாள்.

"மதினி, அக்காவ ஒண்ணும் சொல்லாதீக." எழுந்து நின்றான். "அந்த ரப்பர நான்தான் அறுத்தேன்."

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எதடா?" என்றார் பாண்டியராஜன்.

"அடியில இருந்த நாலு ரப்பரும். உரசுதுன்னு பிளேடு வச்சு அறுத்துட்டேன். ஆயிலும் விட்டேன். கதவு தொறந்து கெடந்தாலும் அது இருந்திருந்தா நின்னிருக்கும் மச்சான்."

"அறுத்து என்ன பண்ணுன?"

அவன் வாசல் பக்கம் கையைக் காட்டினான். "உங்க பைக்கு பிரேக் மிதியில ஒட்டியிருக்கு."

பாண்டியராஜன் எழுந்து வெளியே போனார். பைக் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். மிதியைத் தொட்டுப் பார்த்தார். எழுந்திருக்கவே இல்லை. ஆரப்பாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் தலை நிமிரவில்லை. என் பிள்ளையின் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் நான் இங்கே வந்து சேர்ந்தேன் என்று அவர் முதுகு சொன்னது.

நாகஜோதி பிள்ளையை முனீஸ்வரி கையில் கொடுத்தாள். எழுந்து வந்தாள். தம்பி கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. அப்புறம் திரும்பிப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முனீஸ்வரிக்குத்தான் வார்த்தை இருந்தது. "இவன் மடியிலயா பிள்ளைக்குக் காது குத்தணும்? ஏலேய், காத அறுத்துக் கார்புரேட்டர்ல ஒட்டிருவடா நீ!"

வேறு நாளாக இருந்தால் அவனே சிரித்திருப்பான்.

பிள்ளை வாந்தி எடுக்கவில்லை. சாயங்காலம் பால் குடித்தாள், டாக்டரின் டார்ச்சைப் பிடித்து இழுத்தாள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது டாக்டர், "அந்த வாக்கர வேற பிள்ளைக்குக் குடுத்துராதீங்க, முழுசா எடைக்கும் போடாதீங்க" என்றார். அதை மட்டும் கருத்தக்கண்ணன் தலையாட்டி வாங்கிக்கொண்டான். ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோய்ச் சக்கரங்களைச் சுத்தியலால் நசுக்கினான். பாட்டுப் பாடும் தட்டு மட்டும் நட்டு போல்ட்டு வைக்க உதவியது. கனமான போல்ட்டைப் போட்டால் அது தானாகப் பாடத் தொடங்கிவிடும், சவரியப்பன் தலையில் அடித்துக்கொள்வார்.

அக்கா போன் எடுக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். பைக்கிலிருந்து ஆட்டு ஹாரனைக் கழற்றிச் சாக்கடையில் போட்டான். ஒரு வண்டியிலிருந்து அவன் கழற்றி எறிந்த கடைசிப் பொருள் அதுதான். ஆறாம் நாள், சாரி கார்டைக் கழற்ற ஒரு பயல் வந்தான்.

"அண்ணே, இதக் கழட்டி விடுங்கண்ணே."

"உங்க வீட்டுல சேலை கட்டுறவுக யாருடா?"

"அம்மா, அக்கா."

"அப்ப ஓடிரு."

சவரியப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவன் நேராகப் பின்சுவருக்குப் போய்ச் சாரி கார்டுக் குவியலைப் பிரித்தான். வளையாத ஆறு உருப்படியைத் தேர்ந்தெடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே தெரு. மாலை இல்லை, குலவை இல்லை, பைக்கை உருட்டிக்கொண்டே வந்தான். பின்னால் கட்டியிருந்தது, ஆறு சாரி கார்டுகளை ஒன்றோடொன்று பற்றவைத்துச் செய்த ஒரு கம்பிக் கதவு, வாசல் அகலத்துக்கு, தொடை உயரத்துக்கு. கூரான இடம் ஒன்று விடாமல் அரம் போட்டிருந்தான். பிள்ளை விரல் நுழைந்து சிக்காத இடைவெளி இருக்கிறதா என்று தன் சுண்டுவிரலை விட்டு விட்டுப் பார்த்ததில் அது தோலுரிந்து கிடந்தது.

பாண்டியராஜன் பார்த்தார். வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொடுத்தார். கீல் மாட்டி, மேலே கொக்கியும் கீழே கொக்கியும் வைத்து முடித்ததும் கருத்தக்கண்ணன் கூடத்தில் மல்லாக்கப் படுத்தான். அப்புறம் குப்புறப் புரண்டு முழங்கையால் தவழ ஆரம்பித்தான்.

"இது என்னடா கூத்து?" என்றார் பாண்டியராஜன்.

"டெஸ்ட் டிரைவ் மச்சான். பிள்ள உயரத்துல இருந்து பாத்தாத்தான் என்னென்ன இருக்குன்னு தெரியும்." தவழ்ந்தபடியே கத்தினான். "இந்தா, இஸ்திரிப்பெட்டி ஒயர் தொங்குது. இங்க பிளக்கு ஓட்டை. ஆத்தாடி, எறும்பு மருந்த இங்கயா வச்சிருக்கீக? மச்சான், உங்க பைக்கு சைலன்சர் நேரா என் மூஞ்சிக்கு வருது, பிள்ள தொட்டாச் சுடும், அதுக்கு ஒரு மூடி வேணும்."

அவன் பெரிய உடம்பு அலமாரிக்கும் சோபாவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் நாகஜோதி. நேராகக் கம்பிக் கதவுக்கு வந்தாள். கொக்கியைப் போட்டாள். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். காலால் உதைத்தாள். மறுபடி உலுக்கினாள். அவன் தரையில் கிடந்தபடி எண்ணினான். பத்துத் தடவை.

"எந்திரிச்சு வெளிய போ" என்றாள்.

போனான். கொக்கியைத் திறந்து, சரிவில் இறங்கி, தெருவில் நின்றான். அவள் உள்ளே கொக்கியைப் போட்டாள். அவன் செய்த கதவுக்கு வெளியே அவனே நின்றான்.

அவள் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்து, கூடத்தின் நடுவில் வெறுந்தரையில் விட்டாள். நெற்றி வீக்கம் வற்றி மஞ்சளாகி இருந்தது. போண்டா மாமனைப் பார்த்தாள். ஹாரன் இல்லை, ஆடு இல்லை. அவள் தவழ்ந்து வந்தாள். கம்பியை ஒரு கையால் பிடித்தாள். இன்னொரு கையால் கொஞ்சம் மேலே பிடித்தாள். பின்பக்கம் மெல்ல உயர்ந்தது, ஆடியது, முட்டி நேரானது.

நின்றாள்.

யாரும் தூக்கி நிறுத்தவில்லை. சக்கரம் இல்லை. இரண்டு கால், அதுவும் அவளுடையது. அவளுக்கே அதிர்ச்சிதான், கண் இரண்டும் அகன்று கிடந்தன. அடுத்த நொடி சாரி கார்டைப் பிடித்து உலுக்கினாள், அம்மா உலுக்கிய அதே மாதிரி, "ம்ம்ம்மா! ம்ம்ம்மா!" என்று மாமனைப் பார்த்துக் கத்தினாள்.

பாண்டியராஜன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் விழுந்தது. பிடிக்க ஓடுவதா, ஓடினால் பயந்து விழுந்துவிடுவாளா, தெரியாமல் கருத்தக்கண்ணன் சரிவின் அடியிலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கல்லாக நின்றான்.

"கையக் கீழ போடுடா, அவ நிப்பா" என்றாள் நாகஜோதி. "காது குத்துக்கு வாரப்ப அந்த நகத்துல கிரீஸ் இருந்துச்சுன்னா, கோயில் வாசலோட திருப்பி அனுப்பிருவேன். கேட்டுச்சா?"

அவன் கையைக் கீழே போடவில்லை.